சீனாக்காவின் பங்குனி

பேத்தி கோப்பையில் காய்ந்த சாமந்தியைப் போட்டு வெந்நீர் ஊற்றியதும், அந்தக் கசப்பு வாசனை என்னை ராயபுரம் கடற்கரையில் கொண்டுபோய் விட்டது. இன்று அங்கே மணல் ஏது, கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. அன்று அந்த மணலில், எங்கள் தெருவில் பல் கட்டும் சீனாக்காரரின் மனைவி, எங்களுக்கெல்லாம் சீனாக்கா, பங்குனி பிறந்தால் போதும், விடியலிலேயே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கைவீசி நடப்பாள்; வீடு திரும்பியதும் சாமந்தித் தண்ணி குடிப்பாள். பனிக்காலம் முழுக்க ஈரலில் அடங்கிக் கிடந்த உயிர்ச்சக்தி வசந்தத்தில் மரம்போலத் துளிர்க்கும், அதைக் கட்டி வைக்கக்கூடாது, அதனால் தலையையும் முடியக்கூடாது என்பது அவர்கள் வைத்தியம். எங்கள் தெருவுக்கோ விரித்த தலை என்றால் இழவு. "எவன் செத்தான்னு இப்டிப் போறா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

தம்பி பிறந்த மூன்றாம் நாளே தவறிப்போனதிலிருந்து வாசல் பக்கமே வராத அம்மாவைத் தேடி அவள்தான் வந்தாள், கையில் சாமந்தித் தண்ணியோடு.

"மரமெல்லாம் துளிர் வுடுது தங்கச்சி. நீ மட்டும் இன்னாத்துக்கு இறுக்கிக் கட்டிகினு கீற?"

மறுநாள் விடியலில் மணலில் இரண்டு பேர் நடந்தார்கள். கடற்காற்றில் பறந்த கூந்தல் வாய்க்குள் போக, அம்மா அதைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து! தெரு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று, என் பின்னலை அவிழ்த்துக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினேன்.