காப்புக் கட்டியிருந்த என்னை ஆத்தா அனுப்பி வைத்தாள்

போன வருடம் பங்குனியில், எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் காப்புக் கட்டியிருந்தபோதுதான் என் மனைவி சந்திராவுக்கு உயிர் போகிற நிலை வந்தது. அவள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் நீலகிரியில், சேரங்கோடு மலையில் இருந்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச மாட்டேன். ஆனாலும் ஆத்தா செய்ததைச் சொல்லாமல் இருந்தால் மனசு கேட்காது.

சந்திரா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மகள் கவிதா பள்ளிக்கூடம் போன காலத்தில், அட்டை கடிக்காமல் இருக்கத் தினமும் அவள் காலுக்குச் சோப்பும் உப்பும் தேய்த்து அனுப்புவாள். தன் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிவதைக் கவனிக்க மாட்டாள். மழையில் நனைந்து வந்தால் ஈரச் சேலையை மாற்றும் முன்பு எங்கள் தலையைத் தொட்டுப் பார்ப்பாள். மேஸ்திரியிடம் எனக்கு லீவு கேட்பதும் அவள்தான். “கொழுந்துக் கூடையோட உங்க வாயையும் நானே சுமக்கணுமா?” என்று சிரிப்பாள்.

வயிற்று வலியை ரொம்ப நாள் மறைத்துவிட்டாள். கவிதாவின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்திருக்கிறாள். வயிறு வீங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள் டாக்டர்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள். அது திருவிழா வாரம்.

“நான் கவிதாகூடப் போய்க்கிறேன். நீங்க காப்புக் கட்டி எனக்காகத் தீச்சட்டி எடுங்க” என்றாள்.

நானும் கட்டிக்கொண்டேன். எங்கள் வழக்கத்தில் காப்புக் கட்டியவன் திருவிழா முடியும் வரை எஸ்டேட் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. மீறினால் யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்களுக்குத்தான் கேடு என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கவிதா போன் செய்தாள். “அப்பா, அம்மா கண்ணே தொறக்கல. ரத்தத்துல கிருமி பரவிருச்சுங்கறாங்க. நடுவுல ஒருக்கா முழிச்சு, அப்பா எங்கேன்னு கேட்டுச்சு. வாங்கப்பா.”

போனால் என்னால் அவளுக்குக் கேடு வந்துவிடுமோ. போகாவிட்டால் அவள் என்னைத் தேடிக்கொண்டே போய்விடுவாளோ. கோயிலுக்கு நடந்தேன். அதுவரை நான் வாய்விட்டு வேண்டியதே இல்லை. அன்று தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். “ஆத்தா, எனக்கு யோசிக்கத் தெரியல. போறதா இருக்கறதா, நீயே சொல்லு.”

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா கேட்டுவிட்டார்.

“ஏம்ப்பா, பொண்டாட்டி அங்க கெடக்கா. நீ இங்க தூணக் கட்டிக்கிட்டு நிக்கிற?”

“காப்புக் கட்டியிருக்கேன் அக்கா.”

அவர் உள்ளே போய்ப் பூசாரி மாமாவைக் கையோடு கூட்டி வந்தார். “மாமா, இவனுக்குக் காப்ப அவுத்து விடுங்க.”

“நடுவுல அவுக்கறது வழக்கமில்ல புள்ள.”

“அப்ப வழக்கத்துக்கு ஒரு உசுரு போகட்டுமா? அதையும் ஆத்தாவே கேட்டாளா?”

பூசாரி மாமா கருவறைப் பக்கம் திரும்பினார். பிறகு உள்ளே போய்ப் பீடத்தடியில் இருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார்.

“எங்கப்பா சிலோன்ல கப்பல் ஏறும்போது, அங்க தோட்டத்துக் கோயில் மண்ணத்தான் துண்டுல முடிஞ்சு கொண்டாந்தாரு. அந்த மண்ணு மேலதான் இங்க ஆத்தாவ வெச்சிருக்கோம். கடல் தாண்டி வந்தவளுக்குக் கோயமுத்தூரு ஒரு தூரமா? காப்ப அவுக்க வேணாம், இதத் தலமாட்டுல வெச்சுப் படு. நீ எல்ல தாண்டுனவன் இல்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார் ராசாத்தி அக்கா.

“மொதல்ல தோணலையே புள்ள. நீ கேட்ட பொறவுதான் தோணுச்சு.”

என் வேண்டுதலுக்கு ஆத்தா சொன்ன பதில் அதுதான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அடுத்த பஸ்ஸில் கூடலூர் போய், ஊட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கினேன். ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. கேட்டுக் கேட்டுப் போனேன். குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தாள். “சந்திரா, வந்துட்டேன்” என்று காதில் சொன்னேன். அசைவே இல்லை. வராந்தாவில் அந்த மண் முடிச்சைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். கவிதாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் கண் திறந்தாள். முதலில் பார்த்தது என் மணிக்கட்டில் இருந்த காப்பைத்தான்.

“ஏன் வந்தீங்க? எல்ல தாண்டலாமா?” குரலே வரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். மண்ணை நெற்றியில் வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அழுதாள். மருந்து கேட்டது என்றார் டாக்டர். அவருக்கும் கை கூப்பினேன்.

கட்டியை எடுத்தும் நோய் போகவில்லை, பரவியிருக்கிறது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு முழு ஆயுசு கேட்டேன். அது கிடைக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஐப்பசி மழை வரைக்கும் அவளை என்னோடு விட்டுவைத்தாள் ஆத்தா. அந்த மாதங்களில் சமைக்கக் கற்றுக்கொண்டேன். “உப்புப் போட்டீங்களா, அதுக்கும் யாராச்சும் வந்து சொல்லணுமா?” என்று படுக்கையில் இருந்தே கேலி செய்வாள். வலி கூடும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது நான் நடமாடுகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. “இருக்கீங்களா?” என்று கூப்பிடுவாள். “இருக்கேன்” என்பேன். ஒரு மத்தியானம் அப்படித்தான் கூப்பிட்டாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடித்து “இருக்கேன்” என்றேன். தலையை அசைத்தாள். அதன் பிறகு கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது அந்தப் பதிலைச் சொல்ல நான் அங்கே இல்லை. மறுபடியும் அவள் கேட்கவும், நான் சொல்லவும் ஆத்தா நாள் கொடுத்தாள். இப்போது யாருக்காவது கஷ்டம் என்றால் நானே போய் என்ன ஏது என்று கேட்கிறேன். வழி தெரியாமல் நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆத்தாவிடம் போய்ச் சத்தமாகவே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கோலம் போட்டுக்கொண்டிருக்கிறவர் காதிலாவது விழட்டும்.