பத்துமலையின் குண்டு பல்பு

பத்துமலை எந்தப் பழைய கம்ப்யூட்டரையும் நேராகச் சுவரில் செருகமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பு இருக்கும். கரண்ட் அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பல்பு மங்கலாக எரிந்தால் கம்ப்யூட்டர் நலம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட்.

மலேசியாவில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசுகளில் மிஷின் ரிப்பேர் பார்த்தவர். மரங்களை வெட்டி வீடுகள் கட்டியபோது ஆபீசுகள் மூடப்பட்டன. குப்பைக்கு வந்த கம்ப்யூட்டர்களை வேனில் லகாட்டிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு படுக்கையறை அவற்றுக்கே போயிற்று. விருந்தாளிக்குக் கூடத்தில் பாய். மாதாமாதம் ஒவ்வொன்றையும் எழுப்பிப் பார்ப்பார்.

அவர் இறந்த பிறகு மனைவி நவமணி ஈப்போவுக்கு, மகள் துளசியுடன் போவதாக முடிவானது. ஓடுகிறவற்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதாக, தாப்பாவில் இதேபோல் சேகரிக்கும் சதாசிவம் சொல்லியிருந்தார். மற்றவை பழைய இரும்புக்கு. லாரி வாசலில் நின்றது.

துளசி எலக்ட்ரிகல் என்ஜினியர். முதல் கம்ப்யூட்டரை அப்பாவின் பல்பு வயரில் மாட்டினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

"எல்லாம் செத்துப்போச்சும்மா."

லாரிக்காரர் சீனி எட்டிப் பார்த்தார். "தூக்கலாமா தங்கச்சி? மழ வருது லா."

"தூக்குங்க அண்ணே."

முதல் பெட்டி வாசலைத் தாண்டியது. துளசி வயரைச் சுருட்டப் போய்ப் பல்பைத் தொட்டாள். சூடே இல்லை. இவ்வளவு நேரம் எரிந்த குண்டு பல்பு கையைப் பொசுக்கியிருக்க வேண்டும்.

"ம்மா, இந்தப் பல்ப மாத்துனீங்களா?"

"ஆமா. அது அவரு பல்புன்னு அவரு படத்துக்குப் போட்டுட்டேன். ஓட்டையா கெடக்க வேணாம்னு இங்க அதே மாதிரி குண்டா ஒரு எல்.இ.டி. வாங்கி மாட்டுனேன். இதுவும் எரியுதுல்ல?"

எரியும். கொஞ்சம் கரண்டிலேயே எரியும். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் விடாது. கம்ப்யூட்டர் நலமாக இருந்தாலும் பளிச்சென்றே எரியும்.

"அண்ணே, அத எறக்குங்க!"

"ஏத்துன்ற, எறக்குன்ற. நான் என்னா லிப்டா?"

நவமணி அதற்குள் சாமி மேடைப் பக்கம் நாற்காலி போட்டு ஏறியிருந்தாள். முந்தானையால் பிடித்துப் பல்பைக் கழற்றினாள். பத்துமலையின் முகம் இருட்டில் போனது.

"இருட்டுல இருந்துக்குவாரு. பொட்டி லாரில போச்சுன்னாதான் ஏசுவாரு."

துளசி பல்பை மாற்றி, அறையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். பல்பு பளிச்சிட்டது. பிறகு மங்கியது. திரையில் ஒரு பச்சைக் கட்டம் விட்டுவிட்டுத் துடித்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல எறக்குன அந்தப் பொட்டியையும் உள்ள கொண்டாங்க அண்ணே," என்றாள்.