அளவெடுத்து வாங்கிய வண்டி

1996-ஆம் வருடம் ஏப்ரல் மாதம், காரைக்குடியில் நடந்தது இது. அப்போது நான் செக்காலைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று எந்நேரமும் வேலை இருக்கும். துணி மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற ஒரு மொபட் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அதில் போகிற வேகத்தைப் பார்த்து, எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் தாமாகவே ஓரம் கட்டிவிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

என் கணவர் சாக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். புல்லட்டில்தான் போய்வருவார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். முந்தின வருடம் விளக்கே இல்லாமல் வந்த டிராக்டர் ஒன்று அவர்மீது மோதியதில் இடது கால் நொறுங்கிப்போனது. கம்பி வைத்து ஒட்டினார்கள். ஊன்றுகோலோடு நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் முழங்கால் மட்டும் மடங்கவே இல்லை.

எடுக்கக்கூடிய லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேருங்கள், முடியாவிட்டால் உடல்நிலையைச் சொல்லி ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்தில் மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போகலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் மடங்காத காலோடு படி ஏறுவதே பெரும்பாடு. இறங்கியபிறகு பள்ளி வரைக்கும் மணல் பாதை வேறு. நாற்பது வயதுக் கணக்கு வாத்தியாரை வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆவார் என்று அந்த ஒரு வருடத்தில் நான் பார்த்துவிட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே கணக்குப் போட்டு, தானே திருத்தி, தானே மார்க்கும் போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என்று நான் முடிவுசெய்தேன்.

மொபட் அதற்குச் சரிப்படவில்லை. இரண்டு பேரை ஏற்றியதும் பாவம், முனகத் தொடங்கிவிட்டது. அவர் காலை வைக்கவும் அதில் இடமில்லை. பெரிய வண்டிதான் வேண்டும். எது என்பதில்தான் வீட்டில் தகராறு.

அவருக்குச் சந்தேகமே இல்லை. ரிப்பேர் பார்த்துத் துடைத்து நிறுத்தியிருந்த தன் புல்லட்டைத்தான் நான் ஓட்டிப் பழக வேண்டும் என்றார். அவருடைய தம்பியும் அதற்குத் தாளம் போட்டார். "புல்லட்டு ஓட்டுற பொம்பளைன்னு ஊரே பேசும் மதினி. நீங்க சும்மா ஏறி உக்காருங்க, மத்ததை அதுவே பாத்துக்கிரும்" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஊருக்கெல்லாம் சுடிதார் தைத்துக் கொடுத்தவள், எனக்கென்று முதல் சுடிதாரை அந்த வாரம்தான் தைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொட்டலுக்குப் போனோம். கொழுந்தனார் மிதித்துக் கிளப்பிக் கொடுத்தார். முதலில் தனியாக ஓட்டினேன். மொபட்டுக்கும் அதற்கும் ஆட்டுக்குட்டிக்கும் எருமைக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் போனது. சந்தோஷத்தில் நான் கத்தியதுகூட அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மடங்காத காலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போட்டு உட்கார முடியாது. பெண்கள் உட்காருவதுபோல ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். பொட்டலில் யாரும் இல்லை என்பதால் அவரும் சம்மதித்தார்.

போவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் வந்தது வினை. பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன். விரல் நுனிதான் தரையைத் தொட்டது. கீழே செம்மண் சரளை. கால் சறுக்கியது. வண்டி மெல்ல இடப்பக்கம், அதாவது அவர் உட்கார்ந்திருந்த பக்கம் சாய்ந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்துப் பிடித்தேன். ஒரு நொடி நின்றது. பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவர் முன்பக்கமாகச் சரிந்து மண்ணில் விழுந்தார். அவர்மேலேயே வண்டியும் விழுந்தது என்றுதான் நினைத்தேன். முன்னால் இருந்த பாதுகாப்புக் கம்பி தரையில் ஊன்றியதால் வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவருடைய அந்தக் கால் சரியாக அதற்குள் நீட்டிக் கிடந்தது. கொழுந்தனார் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்.

முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "ஒனக்குக் கால் எட்டலையா?" என்று கேட்டார். எட்டவில்லை என்றேன். கொழுந்தனார் விடவில்லை. "போகப் போகப் பழகிரும்ணே."

"ஓட்டப் பழகலாம்டா. காலு பழகி வளருமா?" என்றார் இவர். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரமே புல்லட்டை விற்றோம். திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். இவர் அழவில்லை, நான்தான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். தெருமுனை திரும்பி, மெயின் ரோட்டில் ஏறும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் நான் தையல்காரி. அழுது முடித்ததும் டேப்பை எடுத்து என் காலை அளந்தேன். எத்தனையோ பேருக்குப் பேண்ட் அளவு எடுத்தவளுக்குத் தன் காலின் உள்ளளவு அன்றுதான் தெரிந்தது. அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேதான் வண்டிக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பையன் வணக்கம் சொன்னதும் நாற்காலி போட்டதும் இவருக்குத்தான். "சார் ஏறிப் பாருங்க சார்" என்றான். "ஓட்டப் போறது நான் தம்பி. சார் பின்னாடி உக்காருவாக" என்றேன். அந்தப் பையன் மைலேஜ், கலர், கியாரண்டி என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சீட் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். உயரம் மட்டும் போதாது. சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து அங்கேயே நீளம் போய்விடும். கவட்டையில் துணி கூடினால் பேண்ட் தூக்கிக்கொள்ளுமே, அதே கணக்குத்தான்.

கொழுந்தனாருக்கு ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டிமேல் கண். "மதினி, இது கிளம்புனா அம்பு மாதிரி போகும்" என்றார். கடைக்குப் பின்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அம்புதான். வெடுக்கென்று இழுத்த இழுப்பில் நானே பின்னால் சரிந்தேன். ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன ஆவார்? எனக்கு வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். மூலையில் மெரூன் நிறத்தில் ஒல்லியாக ஒரு நூறு சிசி வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் குதிகால் வரைக்கும் தரையில் பதிந்தன. உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன், போனது. நடு ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தேன், சிரமமில்லாமல் ஏறி நின்றது.

"இப்ப இதைக் கீழ படுக்கப் போடுங்க தம்பி" என்றேன்.

"எதுக்குக்கா?"

"விழுந்தா நான் ஒருத்தியாத் தூக்க முடியுதான்னு பாக்கணும்ல."

பையன் முதலாளியைக் கூப்பிட ஓடிவிட்டான். வாங்காத புது வண்டியைப் படுக்கப் போடச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். நல்லவேளையாக முதலாளி சிரித்துக்கொண்டே, பின்னால் சர்வீஸுக்கு வந்திருந்த தன்னுடைய பழைய வண்டியைக் காட்டினார். அதே ரகம்தான். சாக்கு விரித்துப் படுக்கப் போட்டார்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்கடியிலும் பிடித்து, காலால் உந்தி எழுந்தேன். வண்டியும் என்னோடு எழுந்தது. வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்பேனரோடு நின்று பார்த்தார்கள். பிறகு இவரைப் பின்னால் உட்காரவைத்து, சர்வீஸ் கூடத்துச் சரிவில் பாதியில் நிறுத்தி, திரும்பக் கிளப்பிக் காட்டினேன். சேலை கட்டியவர்கள் கால் வைப்பதற்காக இடப்பக்கம் இருந்த பலகையில் அவருடைய கால் நீட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்தது. "இதுவே போதும்" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

கொழுந்தனார் மட்டும், "பால்காரரு வண்டி மாதிரி இருக்கு" என்று வீடு வரும்வரை புலம்பினார். இருக்கட்டும், பால்காரர் ஒருநாளாவது பாலைக் கொட்டியிருக்கிறாரா என்று கேட்டேன்.

எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கியாயிற்று. பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின இரவு இவர் மெதுவாக ஆரம்பித்தார். "கருக்கல்லயே கெளம்பிருவமா?"

"எதுக்குங்க?"

"ஆளுக பாப்பாக."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டிக்குப் பின்னால், அதுவும் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிற ஆண்பிள்ளையை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. "பாக்கட்டும்ங்க. நான் மட்டும் என்ன, சுடிதார் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறேன். என்னையும்தான் பாப்பாக" என்றேன். விடிந்து, வெயில் ஏறி, கடைகளெல்லாம் திறந்தபிறகு கடைத்தெரு வழியாகவே கூட்டிக்கொண்டு போனேன்.

டீக்கடை வாசலில் ஒருவர், "என்ன வாத்தியாரே, சேலையை எங்க?" என்று சத்தமாகக் கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் இவர் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு திரும்பினேன். "சேலை ஒங்களுக்கு வேணும்னா கடைக்கு வாங்கண்ணே. அளவு குடுத்தீகன்னா ரவிக்கையும் சேத்துத் தச்சுத் தாரேன்" என்றேன். இப்போது டீக்கடையே கேட்டவரைப் பார்த்துச் சிரித்தது. "போதும், கெளம்பு, மணி அடிச்சிரும்" என்றார் இவர் பின்னாலிருந்து. குரலில் கோபம் இல்லை.

பள்ளியில் பிரார்த்தனைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் பார்க்க, வண்டியிலிருந்து இறங்கி, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவர் போன நடையை நான் கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

அதற்குப்பிறகு தினமும் இதே வேலைதான். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டே வண்டியை முழுக்க ஓட்டியது அவர்தான். "கியரைக் குறை. ஆடு வருது. அங்குட்டு ஒதுங்கு. ஆரன் அடி." ஒரு கை என் தோளைப் பிடித்திருக்கும், இல்லை, இறுக்கியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் பதிந்த இடம் சிவந்திருக்கும். நாலு தடவை எரிந்து விழுந்திருப்பேன். அது அதிகாரம் இல்லை, பயம் என்று புரிந்ததும் எரிந்து விழுவதை விட்டேன். அவரை வேலையில் சேர்த்தாயிற்று, அந்தப் பயத்தை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம். கூட்டிக்கொண்டு வருகிறேன். பாதித் தூரம் வந்தும் பின்னாலிருந்து ஒரு உத்தரவும் இல்லை. ஒரு மாடு குறுக்கே போனது, அதற்கும் பேச்சில்லை. என்ன கோபமோ என்று நினைத்தபோது, என் முதுகில் கனமாக ஏதோ சாய்ந்தது. தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது. மனிதர் தூங்கிவிட்டார்.

பிரேக்கை அழுத்தாமல், வேகத்தைத் தானாகத் தேயவிட்டு, ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன். எழுப்பத்தான் வாயெடுத்தேன். விபத்துக்குப்பிறகு நல்ல தூக்கம் தூங்காத மனிதர். சும்மா இருந்துவிட்டேன். தேவகோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோனது. வயலிலிருந்து திரும்பிய பெண்கள் என்ன ஏது என்று கையால் ஜாடை கேட்டார்கள்; நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். என் காதோரம் அவர் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எத்தனையோ வண்டிகள் வாங்கிவிட்டோம், கார்கூட வந்துவிட்டது; ஆனாலும் வாழ்க்கையில் நான் ரொம்பவும் பலசாலியாக இருந்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தால், பயத்தை மறந்து தூங்கிய அந்த மனிதரின் பாரத்தையும் வண்டியின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு, சாலையோரத்தில் துளியும் ஆடாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்றைக்கும் என் கண்முன் வருகிறது.