வேம்பு வீட்டுப் பானகம்

எனக்கு ஒரு தங்கை உண்டு. கடலூர் செம்மண்டலத்தில், எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலை ஒட்டி நிற்கிறாள். வேப்பமரம். பத்து வயது நிரம்புவதற்குள் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம். எந்தப் போலீசும் வந்து கேட்கவில்லை. இதைச் சொன்னால் என் ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கல்யாணத்தில் நாங்கள் பெண் வீடு. ஜெயித்ததும் நாங்கள்தான்.

மாப்பிள்ளை, பக்கத்திலேயே நின்ற அரசமரம். அதை நட்டவர் எதிர்வரிசை வீட்டுக் கான்ட்ராக்டர். வேம்பை நட்டது என் சித்தி, அதாவது என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது சிதம்பரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த வருஷமே கன்றை வைத்து, தினமும் அரிசி களைந்த தண்ணீரை வாளியில் சுமந்துபோய் ஊற்றி வளர்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த அரசும் வேம்பும் கிளை கோத்துக்கொண்டால் கல்யாணம் செய்துவைக்க வேண்டும், தெருவுக்கு நல்லது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மரத்துக்குத்தானே என்று எதையும் விடமாட்டார்கள். பத்திரிகை, சீர்த்தட்டு, பந்தி, சம்பந்திச் சண்டை எல்லாம் உண்டு.

எங்கள் சண்டை தாரை வார்ப்பதில் வந்தது. பெண்ணைக் கொடுக்கும் நேரத்தில் அப்பா கையை நீட்ட, அம்மா அந்தக் கையில் செம்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். சித்தப்பாவைப் பெண்ணின் அப்பாவாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சித்தி விஷயத்தில் மட்டும் கான்ட்ராக்டரின் மனைவிக்கு ஒரு தடை இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் காபியை ஆற்றியபடி, என் அம்மாவிடம் சொன்னாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. அவுங்க சமையலப் பாத்துக்கட்டும். தண்ணி ஊத்தறத மட்டும் புள்ள பெத்தவங்க யாராச்சும் பண்ணட்டும். நீங்களே நில்லுங்களேன்.”

சித்தி அடுக்களை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்துக்கலாங்க” என்று மட்டும் சொன்னாள். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அது வேறு கோபம். வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு நோகாமல் நொங்கு தின்னப் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அன்றைக்குச் சித்தி அழவில்லை. “சமையல்தான, பாத்துக்கறேன்” என்றாள். சமையல்காரரை வைக்கலாம் என்று சித்தப்பா சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. பந்தியில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் என்று முடிவு செய்தாள். சிதம்பரத்துக்காரர்களுக்கு அது சாமி சாப்பிடுகிற சாப்பாடு. கத்திரிக்காய்கூட அங்கிருந்துதான் வரவேண்டும் என்றாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சித்தப்பா, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய் மூட்டையோடு வந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பானகம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அவர்கள் நாக்கில் முதலில் படுவது அதுதான். பானகத்தில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் பாயசம்வரைக்கும் நொட்டை சொல்லிக்கொண்டே போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சித்தி வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தாள். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் ஏது? ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய மண்பானைகளைச் சித்தப்பா கேட்டு வாங்கி வந்து, அவசரமாக ஒரு அலசு அலசிக் கொடுத்திருந்தார். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

ஞாயிறு காலையில் கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சென்னையில் இருக்கிற அவர்கள் மூத்த மருமகன் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் முகூர்த்தத்தை நாளைக்கு மாற்றியாகிவிட்டது என்று தகவல். எங்களைக் கேட்கவில்லை, சொன்னார்கள். மாப்பிள்ளை வீடு அல்லவா. சித்தப்பா பல்லைக் கடித்தார். நான் மறுநாள் ஸ்கூலுக்குப் போக வேண்டாமே என்று குதித்தேன். அன்றைக்கு அடித்த வெயிலில் காக்காய்கூட வெளியே வரவில்லை. பானகம் பின்கட்டில் துணி கட்டிய வாயோடு உட்கார்ந்திருந்தது.

திங்கள் விடிந்ததும் பல் விளக்கப் போன நான்தான் முதலில் கேட்டேன். உஸ் என்று ஒரு சத்தம். “பானைக்குள்ள பாம்பு” என்று கத்தினேன். சித்தப்பா கொம்போடு ஓடி வந்தார். கொம்பின் நுனியால் துணியை விலக்கினால், பாம்பைக் காணோம். நுரை பொங்கி வழிந்தது. கூழ் புளித்த பானையும் ஒரு நாள் வெயிலும் சேர்ந்து வேலையைக் காட்டியிருந்தன. சித்தப்பா ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு டம்ளர் மொண்டார்.

“இது பானகமில்ல புள்ள” என்றார் சித்தியிடம். “இத குடிச்சா அவுங்க நடந்து போவ மாட்டாங்க, மெதந்துதான் போவாங்க. கொட்டிடு. கடையில கலர் வாங்கியாறேன்.”

“கடைச் சரக்க ஊத்தியா எம் பொண்ணு கல்யாணத்த நடத்தறது?” என்றாள் சித்தி.

புதிதாகக் கரைக்க வெல்லமும் இல்லை, நேரமும் இல்லை. சித்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சுக்கு, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை, ஒரு கை துளசி. பிள்ளைகளுக்கு மோர் மட்டும்தான் என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள். விரலை ஆட்டிவிட்டு அவள் திரும்பியதும் நான் ஒரு மடக்குக் குடித்தேன். ஜிவ்வென்று மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே வெளியே ஓடினேன்.

மேளத்தோடு வந்து இறங்கினார்கள் மாப்பிள்ளை வீட்டார். அரசுக்குப் பட்டு வேட்டி கட்டியிருந்தார்கள், எங்கள் வேம்பு அரக்குப் புடவையில் நின்றாள். கான்ட்ராக்டர் மனைவி டம்ளரை வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தாள். ஒரு மிடறு. புருவம் உயர்ந்தது.

“சோடா கலந்தீங்களா?”

“எங்க சிதம்பரத்துப் பக்குவம்” என்றாள் சித்தி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அந்தம்மா இரண்டாவது டம்ளர் கேட்டாள். மூன்றாவதை அவளே மொண்டுகொண்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவர்கள் தள்ளிப்போட்ட ஒரு நாள், டம்ளர் டம்ளராக அவர்களுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோடும் சிரித்துப் பேசாத கான்ட்ராக்டர், தவில்காரர் முன்னால் போய் நின்று தோளைக் குலுக்க ஆரம்பித்தார். என் சித்தப்பாவின் கழுத்தில் கையைப் போட்டு, “இனிமே நீ எனக்குச் சம்பந்தி இல்ல, மச்சான்” என்றார். சென்னை மருமகன் பானைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகூர்த்தத்துக்கு முன்பே கொத்சை ருசி பார்த்தவர்கள் இலையை எப்போது போடுவீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது பூசாரி குரல் கொடுத்தார். “தாரை வாக்கணும். பொண்ணோட அம்மா வாங்க.”

எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. சித்தி கரண்டியோடு பந்தலின் ஓரத்தில் நின்றாள். பூசாரி மறுபடியும் கூப்பிட்டார். அம்மா கையிலிருந்த பானகத்தை நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டு, கான்ட்ராக்டர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம்கூட நின்றுவிட்டது.

அந்தம்மா எழுந்தாள். கொஞ்சம் தள்ளாடினாள் என்றுதான் நினைக்கிறேன். நேரே சித்தியிடம் போய், கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“என்னா நின்னு பாத்துட்டிருக்கீங்க சம்பந்தியம்மா? ஒங்க பொண்ணு. நீங்க ஊத்தாம வேற யாரு ஊத்தறது?”

சித்தி செம்பை எடுத்தாள். சித்தப்பா கையை நீட்டினார். பாதித் தண்ணீர் அவர் கையை விட்டு வேட்டியில் கொட்டியது. அவளும் ஒரு டம்ளர் கூடுதலாகக் குடித்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். தாலி கட்டியதும் ஊரே பந்திக்கு ஓடியது. சித்தி மட்டும் வேம்பின் அடியிலேயே நின்றாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

எனக்குத் தாங்கவில்லை. “ஏன் சித்தி அழுவுற? பொண்ணு எங்கயும் போவலையே, இங்கதான நிக்கிறா” என்றேன்.

அவள் சிரித்தாள், அழுதுகொண்டே.

“நாமதான ஜெயிச்சோம்?” என்று கேட்டேன்.

“ஆமாண்டி. ஜெயிச்சிட்டோம்” என்றாள்.

அவ்வளவு போதாதா எனக்கு? அவள் கையிலிருந்த காலிச் செம்பைப் பிடுங்கி, கோப்பை வாங்கியவள் மாதிரித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்க பானகம்தான் ஜெயிச்சிது, எங்க பானகம்தான் ஜெயிச்சிது என்று கத்தியபடி தெருக்கோடிவரை ஓடினேன்.