என் மகளின் படக்கடையை ஆண்டவர் காத்த விதம்

செபக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசச் சொல்லி ஃபாதர் பலமுறை கேட்டார். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். வாசிக்கிற உங்கள் வீடுகளில் ஆண்டவருடைய சமாதானம் தங்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. இந்தத் தீவில் கராச்சர்மாவில் இருக்கிறோம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து என் அப்பா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். கணவர் அந்தோணி, ஜங்லிகாட் மீன்துறையில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறவர். எங்களுக்கு ஒரே மகள், ஜெனிட்டா. ஜெனி என்று கூப்பிடுவோம். அவள் இப்போது இல்லை.

ஆண்டவரிடம் நான் இரண்டு காரியம் கேட்டேன். முதலில் கேட்டது கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சாட்சியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெனி மெயின்லேண்டுக்குப் போய் ஓவியம் படித்தாள். கூடப் படித்தவர்கள் சென்னையிலேயே வேலை தேடிக்கொண்டார்கள். இவள் திரும்பி வந்துவிட்டாள். நம் தீவுகளில் நன்றாக வரைகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படம் மாட்ட ஒரு சுவர்தான் இல்லை என்றாள். மெயின் ரோட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, தானே ஏணி போட்டு ஏறி வெள்ளையடித்தாள். வடக்கே ரங்கத் ஊரிலிருந்து சுபல் என்ற பெங்காலிக்காரர், பெரார்கஞ்சில் வயல் வேலைக்கு நடுவில் வரைகிற ஒரு ராஞ்சிப் பெண், நிக்கோபாரி வாத்தியார் ஒருவர் என்று தேடித் தேடிப் போய்ப் படங்களை வாங்கி வந்து மாட்டினாள். அவள் அதை கேலரி என்பாள். தெருவில் எல்லோருக்கும் அது படக்கடைதான்.

ஆரம்பத்தில் வண்டூர் கடற்கரைக்குப் போகிற டூரிஸ்டுகள் வழியில் இறங்கி வாங்கிப் போனார்கள். பிறகு கொரோனா வந்தது. கப்பல், விமானம் எல்லாம் நின்றது. எல்லாம் திறந்த பிறகும் பழைய மாதிரி வியாபாரம் வரவில்லை. வருகிறவர்கள் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஜெட்டிக்குப் போய் ஹேவ்லாக் தீவுக்குப் படகைப் பிடித்தார்கள். ஹோட்டல்காரர்கள் மெயின்லேண்டிலிருந்து அச்சடித்த படங்களை மொத்தமாக வரவழைத்து மாட்டிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் ஒரு படம்கூட விற்காது. ஜெனி பிள்ளைகளுக்கு டிராயிங் டியூஷன் எடுத்து வாடகை கட்டினாள். அந்த நிலைமையிலும் ஒரு படம் விற்றால் முதலில் வரைந்தவருக்குத்தான் பணம் போகும். அவள் அப்பாவுக்கு அதில் கோபம். கவர்ன்மென்ட் வேலைக்கு எழுதிப் போடு என்று தினமும் சொல்வார். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்த வருடம் மழை கடுமையாக இருந்தது. ஒரு நாள் சாக்கடை பொங்கிக் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழே அடுக்கி வைத்திருந்த படங்களை எல்லாம் ஜெனி நாள் முழுவதும் வெறுங்காலோடு நின்று மேலே தூக்கி வைத்தாள். பாதத்தில் ஆணி கீறியிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கண்ணெல்லாம் மஞ்சளாகியிருந்தது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது.

டாக்டர்கள் தங்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். நீங்களும் எனக்காக மண்டியிட்டீர்கள், அது எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலை வைத்துக்கொண்டு செபமாலையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளையைத் தாரும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன். மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் ஜெனி என்னிடம் ஒன்று சொன்னாள்.

“படத்த நனைய விட்றாதீங்கம்மா. எல்லாம் அடுத்தவங்க படம்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கடைச் சாவியை என் முன்னால் போட்டார். “அந்தக் கடதான் எம்புள்ளயக் கொன்னுச்சு. இனி அதப்பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாது” என்றார். அன்றிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதில்லை. ஜெனி என்ற பெயரையும் அவர் வாயால் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். சமைப்பேன், அப்படியே இருக்கும். மாதா படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். நான் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆனால் கடையை மூட எனக்குக் கை வரவில்லை. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. எது நல்ல படம், எது சுமாரான படம் என்றுகூடத் தெரியாது. தினமும் போய்த் திறப்பேன், ஈரம் பிடிக்காமல் துடைப்பேன், உட்கார்ந்திருப்பேன். யாரும் வர மாட்டார்கள். கடை அறையின் சொந்தக்காரர் தெலுங்குக்காரர், கெட்டவர் இல்லை. பல மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் அறையைக் கேட்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் காலி செய்து கொடுங்கள் அம்மா என்றார். படம் வரைந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஜெனி போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். என் கணவர் வர மாட்டேன் என்றுவிட்டார். நான் தனியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப ஏற்றினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ஆண்டவரிடம் பேசினேன். அதைச் செபம் என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை.

“பிள்ளையக் கேட்டேன், நீர் தரல. இந்தக் கடையையாவது விட்டு வையும். அதையும் எடுத்துக்கிட்டா நான் உம்மகிட்ட பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். சுபல் ரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து தன் படங்களை எடுப்பதற்காகக் காத்திருந்தார். இரண்டு பேரும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு அம்மா ஒதுங்குவதற்கு உள்ளே வந்தார். லூர்தம்மாள் என்று பெயர். ஜங்லிகாட்டில் மீன் விற்கிறவர். உறவுக்காரரோடு கல்லறைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம். ஈரச் சேலையோடு நின்று, இறக்கி வைத்த படங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“தங்கச்சி, போட்டோ இல்லாத ஆள வரைய முடியுமா?”

கடையை மூடுகிறோம் அக்கா என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். சுனாமி வந்த காலத்தில் அவர் குடும்பம் தெற்கே ஹட்பேயில் இருந்தது. இவர் பிரசவம் பார்க்கத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே புருஷனையும் வீட்டையும் ஒன்றாகக் கடல் கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு, எதுவும் மிஞ்சவில்லை.

“எல்லாரும் இன்னைக்குக் குழி மேட்டுல மெழுகுவத்தி ஏத்துறாக. எனக்கு ஏத்த எடமில்ல. இப்பப்ப அவுக முகம் வேற மறக்குது, தங்கச்சி. அதான் பயமா இருக்கு.”

சுபலுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “போலியே, அம்மா. கைசா தா?” என்றார் இந்தியில். எப்படி இருப்பார், சொல்லுங்கள் என்று கேட்டார்.

லூர்தம்மாள் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். தமிழில் சொல்வதை நான் இந்தியில் சொன்னேன். நெற்றி இன்னும் அகலம். மூக்கு இப்படி இல்லை. மீசை ஒரு பக்கம் குறைச்சலாக இருக்கும், சின்ன வயதில் கயிறு அறுத்த தழும்பு. அழிப்பார், திரும்ப வரைவார். கண்ணைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா தன் கண்ணை மூடிக்கொண்டார். “சிரிச்சாக் கண்ணு தெரியாது” என்றார். சுபல் கண்களைச் சுருக்கி வரைந்தார். லூர்தம்மாள் எட்டிப் பார்த்தார். காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். “வந்துட்டீயளா” என்றார், அவ்வளவுதான். வெளியே பஸ் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அழுதோம். ஜெனி போன பிறகு இன்னொருவருக்காக நான் அழுதது அன்றுதான்.

படத்தை எடுத்துப் போங்கள் என்றேன். அவர் மறுத்தார். வீடு சின்னது, கூரை ஒழுகும், இங்கேயே மாட்டி வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது அந்தப் படத்துக்குக் கீழே தரையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார்.

இதுதான் பதில் என்று எனக்கு அன்று புரியவில்லை. ஒரு அம்மா வந்தார், போனார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரமே லூர்தம்மாள் சொல்லி ஜங்லிகாட்டிலிருந்து வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தெலுங்குக்காரி. அவள் தம்பி படகில் போய்த் திரும்பவே இல்லை. பிறகு கார் நிக்கோபார் தீவிலிருந்து ஒரு தகப்பன் வந்தார், கடல் கொண்டுபோன தன் இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொல்வதற்கு. சுபல் ஊருக்குப் போகாமல் கடையிலேயே தங்கிவிட்டார். ராஞ்சிப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். இத்தனை வருடமாகப் படக்கடை டூரிஸ்டுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போனவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தங்கள் ஆளைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் மாட்டியிருந்த கடலையும் காட்டையும் பார்த்தார்கள். சிலர் வாங்கினார்கள். யாரிடமும் நாங்கள் இவ்வளவு என்று கேட்கவில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஆனாலும் அறை எங்களுக்கு மிஞ்சவில்லை. அறைச் சொந்தக்காரர் சொன்ன சொல்லில் நின்றார், அவர் மேல் தப்பில்லை. ஜெனி வெள்ளையடித்த சுவரை விட்டு வெளியே வந்த அன்று, அவளை இன்னொரு தடவை மண்ணில் இறக்கியது போல இருந்தது. இதற்குத்தானா ஆண்டவரே கேட்டேன் என்று மறுபடியும் சண்டை போட்டேன். அதற்குள் லூர்தம்மாள் தன் மீன்காரப் பெண்களின் சங்கத்தில் பேசி முடித்திருந்தார். ஜங்லிகாட்டில் அவர்கள் ஐஸ் பெட்டி வைக்கிற இடத்துக்கு மேலே ஒரு மாடி அறை சும்மா கிடந்தது. வாடகை உன்னால் முடியும்போது கொடு என்றார்கள். மீன் ஏற்றுகிற டெம்போவைக் கழுவித் துடைத்துத் தார்ப்பாய் விரித்து, அந்தப் பெண்களே படங்களைச் சுமந்து ஏற்றினார்கள். ஒரு படத்தில்கூட ஒரு துளி தண்ணீர் படவில்லை.

இப்போது கேலரி அங்கேதான் இருக்கிறது. மீன் வாசனை அடிக்கும். வாடகை தவறாமல் கொடுக்கிறோம். வரைந்தவர்களுக்கு முதலில் போகிற பணம் இன்றைக்கும் முதலில்தான் போகிறது. லாபம் என்று பெரிதாக இல்லை, மூடும் பேச்சும் இல்லை. வருகிறவர்கள் தங்கள் ஆளைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் என் வேலை. ஆண்டவர் எனக்கு அதற்கான காதைக் கொடுத்திருக்கிறார். துக்கம் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. காலையில் விழித்ததும் நெஞ்சில் அதே கல்தான். ஆனால் எழுந்து போவதற்கு ஒரு இடம் இருக்கிறது.

நான் கேட்காத ஒன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் பட்டறை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான். இருந்தும் ஒரு நாளும் மாடி ஏறியதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், கையெல்லாம் கிரீஸோடு ஏறி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுபல் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுபல் என்னைப் பார்த்தார். ஜெனியின் போட்டோ என் போனில் நிறைய இருக்கிறது, எடுத்துக் கொடுக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“போட்டோ வேணாம். நான் சொல்றேன்” என்றார். பிறகு, “எம்புள்ள ஜெனிக்கு…” என்று ஆரம்பித்தார். சுபல் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகுதான், “நெத்தியில ரெண்டு சுழி” என்றார். அன்று சாயங்காலம்வரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்பானவர்களே, பெரிய இழப்பில் இருக்கிறவர்கள் இதை வாசிக்கக்கூடும். கேட்டால் கிடைத்துவிடும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. ஆண்டவர் ஏன் தரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கோபத்தில் நான் கேட்டதற்கும் அவர் செவிகொடுத்தார். திட்டிக்கொண்டாவது அவரிடம் பேசுங்கள். மௌனமாக மட்டும் இருந்துவிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பூசைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் மரத்தடியில் நின்றார். ஆண்டவருக்கு நன்றி. எனக்கு இப்போதைக்கு அது போதும்.