ஆட்டுப் போட்டியும் என் மாமாவும்

ஈர ஆட்டு மயிரின் வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு ஆத்திரம் வரும். பன்னிரண்டு வயதில், கற்பிட்டி வீதியோரத்து எங்கள் வீட்டில், விவசாயக் கண்காட்சியில் நடக்கும் ஆட்டுப் போட்டிக்காக ராசா என்ற கிடாயை மூன்று மாதம் தயார்படுத்தியவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் குளிப்பாட்டி, தேங்காய்த் தும்பால் மயிரைத் தேய்த்து வாரி, வளர்ந்த குளம்பைச் சீவி, கடல்நீர் தேங்கும் களப்போரத்து மணலில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடக்கப் பழக்குவேன். நடுவர் கிட்ட வந்தால் நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். ஆட்டுக்கு மட்டுமல்ல, பிடித்து நிற்பவருக்கும் புள்ளி உண்டு.

கோப்பை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உம்மாவின் தம்பி, மதுரங்குளியில் ஆட்டு வியாபாரம் பார்த்த மாமா, ராசாவை ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் "குர்பானுக்கு" விற்கக் கேட்டு வாப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். "மொதலாம் எடம் வந்தா ஆடு வீட்ட நிக்கட்டும், இல்லாட்டி மச்சான் கொண்டு போகட்டும்" என்று வாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போட்டியன்று காலை நான் குளித்து உடுத்து வருவதற்குள் மாமா வந்து, என்றுமில்லாத பாசத்தோடு ராசாவுக்குத் தவிடு வைத்து, வாளி வாளியாகத் தண்ணீரும் காட்டியிருந்தார். வயிறு பெருத்துத் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி.

மைதானத்தில் ராசா ஒரு சுற்றுக்கூட முழுதாக நடக்கவில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, என் காலடியில் படுத்துவிட்டது. நடுவராக வந்த மிருக வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, தாடையில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்புத் தவிடு குடுத்துத் தண்ணிய ஏத்தியிருக்கு. சந்தையில நிறை கூட்டிக் காட்டச் செய்யிற வேல இது. சின்னப் புள்ளைக்கு இந்தக் கள்ளம் எங்கால வந்த?" என்று ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டு, என்னை வெளியே அனுப்பினார். கூட்டம் கூவியது. கூட்டத்தோடு மாமாவும் சிரித்தார்.

பின்னேரம் ராசாவை லொறியில் ஏற்றும்போது அவருடைய கையைக் கடித்தேன். "பரிசு கெடச்சா எனக்கு ஆடு கெடைக்குமா புள்ள?" என்றார், கையை உதறிக்கொண்டே. உம்மாவும் வாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடித்ததற்காக எனக்குத்தான் அடி விழுந்தது.

அந்த மைதானம் இப்போது கடைத்தொகுதி. ஊரில் ஆட்டுப் போட்டி நடந்தது என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. எங்கள் வளவில் கொட்டில் இருந்த இடத்தில் என் தம்பியின் கார் நிற்கிறது. மாமா படுக்கையில் விழுந்துவிட்டார். சொந்தக்காரரை ஒவ்வொருவராக அழைத்து, செய்த பிழைகளுக்கு "மாப்பு" கேட்கிறார். போன வெள்ளிக்கிழமை என் முறை.

"புள்ள, எனக்கு மாப்புத் தாங்க."

"எதுக்கு மாமா?"

"எதுக்கெண்டு ஞாபகமில்ல. எல்லாத்துக்கும்."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். "ஞாபகம் வந்த பொறகு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.