சிகிச்சை அறையில் சாவு மேளம்

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க முடியாது, மன்னியுங்கள்.

செவ்வாய்க்கிழமை அக்காவோடு கண்டிக்குப் போனேன். புசல்லாவையிலிருந்து பஸ், மழை, நெரிசல்... வழமையான கதைதான். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன அத்தான் அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தில் இருக்கிறார். அன்றைக்கு அவருக்கு இசைச் சிகிச்சை.

பேச முடியாத மனுஷனுக்குப் பாட்டா போடப்போகிறார்கள்? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

பாட்டே கிடையாது. தர்ஷிகா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் தெரபிஸ்ட். அத்தான் முன்னால் ஒரு சின்ன டிரம், அவள் மடியில் இன்னொன்று. இவர் இடது கையால் எதைத் தட்டினாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு பதில் தட்டுவாள். அந்த நேரத்தில் என்ன வருகிறதோ, அதுதான் பேச்சு.

"நீங்கள் தட்டுங்கோ அண்ணை. நான் பின்னால வாறன்."

மற்ற நாட்களில் அத்தான் பேருக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பாராம். அன்றைக்கு நிறுத்தவில்லை. மெதுவாக... ஒரே சீராக... நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும். அந்த இடைவெளியைத் தர்ஷிகா சரியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா வருது அண்ணை!"

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சாவு மேளம்டி."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும். சாவு விழுந்தால் அத்தானும் அவர் தம்பி செல்வமும்தான் தப்பு மேளம் அடிப்பார்கள். அண்ணன் அடித்து நிறுத்த, தம்பி பதில் அடிப்பார். தர்ஷிகா அடித்துக்கொண்டிருந்தது செல்வத்தின் பங்கை.

செல்வம் போன மாதம் நெஞ்சுவலியில் செத்துப்போனார். அத்தானிடம் நாங்கள் சொல்லவில்லை. நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம் அல்லவா? 'கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது, லீவு இல்லை' என்றோம். பேச்சில்லாத மனுஷனிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்! திருப்பி ஒரு கேள்வி வராது.

யார் சொன்னது அவருக்கு? யாருமில்லை. வாரம் தவறாமல் வந்த தம்பி வரவில்லை. அக்கா கண் வீங்கி வந்தாள். அது போதாதா?

தர்ஷிகா எங்கள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். "என்னக்கா? நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

அக்கா அத்தானின் கதிரைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. ஒங்க தம்பி போயிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. ஒங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலைங்க."

அத்தான் அழவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. டிரம்மைத் தட்டினார். நிறுத்தினார். காத்திருந்தார்.

அது என்ன மேளம் என்று தர்ஷிகாவிடம் நான் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. "அடிக்கட்டோ அக்கா?" என்றாள்.

"அடிம்மா. அவரு முடிக்கிற வரைக்கும் அடி."

அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. சாவு வீட்டுக்கு வராதவர்களை வருஷக்கணக்காகக் குறை சொல்கிற ஊர் நம்முடையது. கட்டாயம் வர வேண்டியவரை நாங்களே வரவிடாமல் செய்தோம் — எல்லாம் அன்பினால்தான்!

ஒரு மாதம் பிந்தி, வேற்று ஊர்ப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு அண்ணன் தன் தம்பியை வழியனுப்பினார். குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.